இருபத்து மூன்று வரிகள்

“நான்தான் பார்த்து எழுதினேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடேன். என்ன, தலையில இருக்கிற கிரீடமா இறங்கிடும்?” என்றாள் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டுகளை இன்னும் எடுக்கவில்லை. மேசை நடுவில் அந்தக் கடிதம் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மாமியார் அதன்மேல் உப்பு டப்பாவை வைத்திருந்தாள். எதிரே மகன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கோலத்தில், கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும். பேசுகிற வேலையைத்தான் அம்மா பார்த்துக்கொள்கிறாளே! ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் மாமனார், வலது கையை மடியில் மடித்து வைத்தபடி.

மருமகள் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ரெசிடென்சி இடம் கேட்டு நீங்கள் அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையில் இருபத்து மூன்று வரிகள், இரண்டு வருஷத்துக்கு முன் வேறொருவர் அனுப்பிய கட்டுரையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன. பத்து நாளுக்குள் விளக்கம் தரவும். தவறு நிரூபணமானால் மூன்று வருஷத் தடை.

அந்த வேறொருவர் யாரென்று கடிதம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கழுத்தில் அட்டையோடு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

இந்த வீட்டில் அவளுக்குப் பெயர் ‘இந்தா’. “இந்தா, இங்க வா.” “இந்தா, மாமாவுக்கு மாத்திரை குடுத்தியா?” வெளியாட்கள் வந்தால் மட்டும் மாமியாரின் வாயில் சர்க்கரை சேரும். “எங்க டாக்டர் மருமக.” கல்யாணச் சந்தையில் அந்தப் பட்டத்துக்கு நல்ல விலை. கல்யாணம் முடிந்தபின் அதைப் பரண்மேல் போட்டுவிடலாம் என்று இந்தக் குடும்பத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஆனால் ஒரு குடும்பம் மட்டுமா இப்படி?

புருஷனும் பெண்டாட்டியும் தாய்நாட்டில், ஒரே கல்லூரியில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்தவர்கள். வெளியில் படித்த டாக்டருக்கு இந்த நாட்டில் மரியாதை கதவுக்கு வெளியேதான். மறுபடி பரீட்சைகள் எழுத வேண்டும். மார்க்கோடு, சிபாரிசுக் கடிதங்களோடு, ‘நான் ஏன் டாக்டரானேன்’ என்று ஒரு பக்கக் கட்டுரையோடு நூறு ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாலு இடத்தில் கூப்பிட்டால் அதிர்ஷ்டம். ஒரு இடத்தில் எடுத்துக்கொண்டால் ரெசிடென்சி; பல வருஷம் அங்கே பயிற்சி டாக்டராக உழைத்தால்தான் மறுபடி முழு டாக்டர். இதில் இன்னொரு கண்ணிவெடி உண்டு. படித்து முடித்து ஐந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டால் பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் உறையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. மோர் புளித்த மாதிரி டாக்டரும் புளித்துவிடுவார் என்று நினைப்பு.

பரீட்சையை இருவரும் ஒன்றாகத்தான் எழுதினார்கள். அவளுக்குத்தான் மார்க் அதிகம். அந்தச் செய்தி வந்த நாளில் மாமியார் வாயே திறக்கவில்லை. மறுநாள் திறந்தாள்.

“ரெண்டு பேரும் ஒரே வருஷத்துல கிளம்பிட்டா வீட்ட யாரு பாக்கறது? முதல்ல அவன் போவட்டும். ஆம்பளை. அடுத்த வருஷம் நீ. எங்கயும் ஓடிப்போயிடாது.”

முதல்ல அவன். இந்த இரண்டு சொல்லில்தான் எத்தனை பெண்களின் படிப்பு முடிந்திருக்கிறது! பந்தியில் முதல்ல அவன், வெந்நீரில் முதல்ல அவன், பட்டத்திலும் முதல்ல அவன். பெண்ணுக்கு ‘அடுத்த வருஷம்’. அவளும் தலையாட்டினாள். முட்டாள்தனம்தான். அவளே இன்றைக்கு அதை அப்படித்தான் சொல்வாள்.

அவனுக்கு எல்லாம் இருந்தது, கட்டுரை மட்டும் வரவில்லை. மூன்று நாள் வெள்ளைத் தாளை முறைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

“எனக்கு ஒண்ணுமே தோணல. நீதான் ஏதாவது எழுதிக் குடேன். இதெல்லாம் ஒரு சம்பிரதாயம். எவனும் படிக்க மாட்டான்.”

எழுதிக் கொடுத்தாள். எதை எழுதுவது என்று தெரியாமல், தன்னிடம் இருந்ததிலேயே ஒசத்தியானதை எடுத்துக் கொடுத்தாள்.

பயிற்சிக் காலத்தில் அவளை ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டும் கருப்பை சுருங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இவள் ஒரு கையை உள்ளே முஷ்டியாக மடித்து வைத்து, மறுகையால் வயிற்றை மேலிருந்து அழுத்தி, இரண்டுக்கும் நடுவில் கருப்பையை நசுக்கிப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். நாற்பது நிமிஷம். கையை எடுத்தால் அவள் போய்விடுவாள். முழங்கைவரை மரத்துப்போய், அது தன் கைதானா என்றே தெரியாமல் போயிற்று. பாதி வழியில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து கேட்டாள்: “டாக்டரம்மா, கை வலிக்குதா?”

சாகக் கிடக்கிறவள் கேட்ட கேள்வி அது. அவள் பிழைத்தாள்.

கட்டுரையில் ‘டாக்டரம்மா’ மட்டும் ‘டாக்டர்’ ஆயிற்று. அவன் அதை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. பெயரைப் போட்டு அனுப்பிவிட்டான். ஏழு ஆஸ்பத்திரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஏழிலும் அந்தக் கதையைத்தான் கேட்டார்கள். முதல் நேர்முகம் முடிந்த அன்றைக்குத்தான் உட்கார்ந்து மனப்பாடம் செய்தான்.

இடம் கிடைத்தபின் நடந்ததுதான் வேடிக்கை. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார், “கண்ணு, அந்த ஆம்புலன்ஸ் கதையச் சொல்லு” என்பாள். அவனும் சொல்வான். சொல்லச் சொல்ல நாற்பது நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. முப்பத்தெட்டு கிலோமீட்டர் அறுபதாயிற்று. மழைகூடப் பெய்ய ஆரம்பித்தது! வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் கையின் சொந்தக்காரி அவர்களுக்கு டீ கொண்டுவந்து வைப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே பூசணிக்காயையே பரிமாறச் சொன்னார்கள்.

அவன் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் மாமனாருக்கு மூளையில் ரத்த அடைப்பு வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. ‘அடுத்த வருஷம்’ இன்னொரு அடுத்த வருஷமாயிற்று. டாக்டர் மருமகள் வீட்டில் இருக்கும்போது வெளியே எதற்கு நர்ஸ்? காலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தும் வேலை. மத்தியானத்துக்கு மேல் மாமனார்: குளிப்பாட்டுவது, காலை நீட்டி மடக்குவது, படங்களைக் காட்டிப் பேச்சுச் சொல்லிக் கொடுப்பது. பதினாலு மாதத்தில் ‘தண்ணி’, ‘வா’, ‘போதும்’ என்று ஒற்றை ஒற்றையாகச் சில சொற்கள் திரும்பி வந்திருந்தன.

இந்த வருஷம் அவளுக்கு ஐந்தாவது வருஷம். இதை விட்டால் இல்லை. யாரிடமும் கேட்காமல் விண்ணப்பித்தாள். கட்டுரைக்கு உட்கார்ந்தபோது அவளுக்கு வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. ‘என் கதைதானே, என்னுடைய வரிகள்தானே’ என்று அப்படியே எழுதினாள். எவனும் படிக்க மாட்டான் என்று புருஷன் சொன்னதை நம்பினாள். பழைய கட்டுரைகளையெல்லாம் கம்ப்யூட்டர் பத்திரமாக வைத்திருந்து ஒப்பிடும் என்று அவளுக்குத் தெரியாது. தன் வீட்டிலேயே தான் திருடியாக நிற்போம் என்று எந்தப் பெண்தான் கணக்குப் போடுவாள்?

“நான் பார்த்து எழுதலையே அத்தை. அது நான் எழுதினது. நான் பார்த்த கேஸு.”

“அது நமக்குள்ள. அவங்களுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி அவன் பேருல இருக்கு. நீ மறுத்தா, அவனைக் கூப்பிட்டுத் துருவுவாங்க. அவன் சீட்டு போயிடும். சம்மதமா உனக்கு?”

“ஒத்துக்கிட்டா என் கதை முடிஞ்சுது. மூணு வருஷத் தடை. அதுக்கப்புறம் எட்டாவது வருஷம். எவன் எடுப்பான் என்னை?”

“எடுக்காட்டி என்ன இப்போ? சோத்துக்கா இல்ல? ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் போதாதா?”

அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான். பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“நானே எழுதிட்டேன். நீ கையெழுத்துப் போட்டு உன் கணக்குலேர்ந்து அனுப்பினா போதும்.”

பிரித்தாள். ‘என் கணவரின் உயர்ந்த அனுபவத்தால் கவரப்பட்டு, அவருக்குத் தெரியாமல் அவருடைய கட்டுரையைக் களவாடிய நான்’ என்று ஆரம்பித்தது. நாலு வரியில் ஐந்து தப்பு. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நடை கொஞ்சம் சரியில்லைன்னு எனக்கே தெரியுது” என்றான் அவன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. “நீ கொஞ்சம் தட்டிக் குடு. நீ எழுதினா நல்லா வரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையாக முடியும் என்று அடக்கிக்கொண்டாள். தான் அவனைப் பார்த்து எழுதினேன் என்பதையும் தானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்! ஏணியில் ஏறியவன் எட்டி உதைப்பதுண்டு. ‘நீயே கொஞ்சம் சாய்ந்து விழுந்துவிடு, எனக்குக் கால் வலிக்கும்’ என்று ஏணியிடம் கேட்டவனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“உங்களுக்கு வெக்கமா இல்லையா?” என்று கேட்டாள்.

“பாத்தியா, புருஷனைப் பாத்து என்ன கேள்வி கேக்கறா பாத்தியா!” மாமியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “படிச்ச திமிரு. ஏங்க, நீங்களாவது சொல்லுங்க. பெரிய மனுஷன்னு வீட்ல ஒருத்தர் உக்காந்திருக்கீங்களே!”

மாமனார் தலையை உயர்த்தினார். உதடு ஒரு பக்கமாகக் கோணி அசைந்தது. அவள் பழக்க தோஷத்தில் எழுந்துபோய் அவர் முன்னால் குனிந்தாள். அவர் பேச முயலும்போதெல்லாம் அப்படித்தான் குனிந்து, உதட்டைப் பார்த்து, ‘நிதானமா மாமா, அவசரமில்லை’ என்பாள். இன்றைக்கும் அதையே சொன்னாள்.

“கை...” என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “கையெழுத்து... போடு.”

பதினாலு மாதத்தில் அவர் முதன்முதலாக இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொன்னது அது. சுத்தமான உச்சரிப்பு. அவளுக்குள் இருந்த டாக்டர் ஒரு கணம் கை தட்டினாள். அதற்குப் பிறகுதான் மருமகளுக்கு அர்த்தம் உறைத்தது.

மாமியார் முகத்தில் பெருமை வழிந்தது. “பேச்சே வராத மனுஷன் உனக்காக வாயத் திறந்திருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?”

உண்மைதான். இதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவள் மேசைக்குத் திரும்பி அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பையில் வைத்தாள்.

“நாளைக்கு எழுதி அனுப்பிடறேன்” என்றாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தொட்டியில் சத்தம் வரப் போட்டாள். கோபம். இத்தனை வருஷமாகக் கோபப்படாமல் இருந்ததற்கும் சேர்த்து வந்த கோபம்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு மேலதிகாரி ஒரு தலைமை டெக்னீஷியன். எல்லோரும் அவளை ‘லேபிள் அக்கா’ என்பார்கள். முப்பது வருஷமாக ரத்தக் குழாய்களில் லேபிள் ஒட்டிய கை. வாய் மிளகாய். மருமகளை அங்கே யாரும் டாக்டராக மதித்ததில்லை. ‘டாக்டரம்மா, தரையில சிந்தியிருக்கு பாரு’ என்று கிண்டல் செய்யத்தான் அந்தப் பட்டம். ஆனால் லேபிள் அக்காவிடம் ஒரே ஒரு சட்டத்துக்கு மட்டும் விலக்கு கிடையாது. ஊசி உள்ளே போவதற்கு முன்னால் எதிரே இருப்பவரின் பெயரை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். லேபிளோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பெற்ற தாயாக இருந்தாலும் கேட்க வேண்டும்.

“பேர் கேக்காம குத்தினா ரத்தம் ஒருத்தரது, ரிசல்ட்டு இன்னொருத்தரது ஆயிடும்” என்று திங்கட்கிழமை காலையிலும் ஒரு புதுப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். “நல்லா இருக்கறவனுக்கு வைத்தியம் நடக்கும், சாகப்போறவன் வீட்டுக்குப் போவான். பேரு கேட்டியா நீ? கேட்டியா?”

மருமகள் ஊசிக் கழிவுகளைக் கொட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

டீ இடைவேளையில் எல்லோரும் வெளியே போனபின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பையிலிருந்த புருஷனின் தாளை எடுக்கவேயில்லை. தானே எழுதினாள்.

‘இரண்டு கட்டுரைகளையும் எழுதியவள் நான். முதலாவதை என் கணவருக்காக எழுதிக் கொடுத்தேன். அது தவறு. அதற்கு எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். ஆனால் நான் எவருடைய வாழ்க்கையையும் திருடவில்லை. நோயாளியின் அந்தரங்கம் கருதி இரண்டு கட்டுரைகளிலும் அவர் பெயர் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் பிரசவப் பதிவேட்டில் இருக்கிறது. அதற்கு நேரே, கொண்டுபோன டாக்டரின் கையெழுத்தும் இருக்கிறது. எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு அவர் பெயரைக் கேளுங்கள். பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள்.’

ஆஸ்பத்திரியின் பெயர், மாதம், தேதி எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு தடவை படித்தாள். தப்பு எதுவும் இல்லை. தன் இடமும் இதோடு போகலாம் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பினாள்.

மத்தியானம் வீட்டில் நுழையும்போதே மாமியார் கேட்டாள்: “அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன் அத்தை.”

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் எழுதியதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. மாமியார் தன் கையாலேயே டீ போட்டு, தட்டில் இரண்டு பிஸ்கட்டும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை. “இதுதான் குடும்பத்துப் பொண்ணுக்கு அழகு” என்றாள். மருமகள் டீயை முழுசாகக் குடித்தாள். பிஸ்கட்டையும் விடவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவளைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர். சிரிக்காத முகங்கள். ஒரு தாளைக் கொடுத்து ஒரே கேள்வி கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். “பார்த்துச் சொல்கிறோம். நீங்கள் செய்ததும் சரியில்லை” என்றார்கள். “சரியில்லைதான்” என்றாள். எழுந்து வந்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் காலை பதினோரு மணி. கூடத்தில் நல்ல கூட்டம். எதிரே ஒரு நடுத்தர வயதுப் பெண், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகளின் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை எடுத்தாள்.

“என்ன காரியம் பண்ணியிருக்க நீ?” புருஷனின் குரல். கத்தத்தான் வந்தது, கத்த முடியாத இடத்தில் நின்றிருந்தான். “உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்போ கேட்டதுக்குப் பதில் சொல்லு. அந்தப் பொம்பள பேரு என்ன?”

“எந்தப் பொம்பள?”

“விளையாடாத! உள்ள மூணு பேரு உக்காந்திருக்காங்க. கையில தாளைக் குடுத்திருக்காங்க. பாத்ரூம் போறேன்னு சொல்லிட்டு வந்து நிக்கறேன். சீக்கிரம் சொல்லு.”

“உங்க பேஷண்டுதானே? ஒரு மணி நேரம் கையே எடுக்காம இருந்தீங்களே. மழைகூடப் பெஞ்சுதே.”

அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. பிறகு குரல் கீழே இறங்கிவிட்டது. “இந்தா... தயவுசெஞ்சு. நம்ம குடும்பம். நீ ஒரு தடவைகூட அவ பேரைச் சொன்னதே இல்லையே.”

“நீங்க ஒரு தடவைகூடக் கேட்டதே இல்லையே” என்றாள் அவள்.

போனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டாள். எதிரே இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

“யாரும்மா? வீட்டுக்காரரா?”

“ஆமாங்க. யாரோ பேஷண்டு பேரு தெரியலையாம்.”

“அடப்பாவமே” என்றாள் அந்தப் பெண். “டாக்டரா அவரு?”

“அப்படித்தாங்க சொல்றாங்க.”

அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். குழாயை எடுத்து லேபிளைத் தன் பக்கம் திருப்பினாள்.

“உங்க பேரைச் சொல்லுங்க.”

அந்தப் பெண் சொன்னாள். அவள் லேபிளோடு ஒரு தடவை ஒத்துப் பார்த்தாள். பிறகுதான் ஊசியை எடுத்தாள்.